பதினோரு நிமிடப் பாட்டின் நாயகன்

"சாரே, அந்தப் பாட்டுல வர்ற ஆள் சார் தன்னே அல்லே?" என்று கேன்டீனில் பரிமாறும் ஷெமி கேட்டபோது ஆனந்தகிருஷ்ணனின் வாயில், அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி பாதி இருந்தது. மென்று விழுங்கும் நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அது அவர் வழக்கமல்ல. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு கேள்விக்குக்கூட 'தெரியாது' என்று சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை.

"பின்னே வேற யாரு?" என்றார்.

கேன்டீன் மேஜையில் இருந்த ஆறு பேரும் கை தட்டினார்கள். அடுத்த செக்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனந்தகிருஷ்ணன் இரண்டாவது பழம்பொரியை எடுத்துக்கொண்டார்.

பாட்டு அவர் மனைவி பத்மஜாவுடையது. இப்போது ஹையர் செகண்டரியில் பிசிக்ஸ் நடத்தும் பத்மஜா, தொண்ணூற்றேழில் காலேஜ் மாணவி. மூன்று பையன்களுடன் ஒரு ராக் பேண்டில் பாடியவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கிடங்குக்குள், மூட்டைகளைச் சுற்றி அடுக்கி வெளிச்சத்தம் வராமல் செய்து, நான்கே நாளில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். 'எங்கே நின்றாயோ' என்று பெயர். பதினோரு நிமிஷம். முதல் நான்கு நிமிஷம் கிதார் மட்டும் அழும். பிறகு டிரம்ஸ் சேர்ந்துகொள்ளும். எட்டாவது நிமிஷத்திலிருந்து பத்மஜா, காணாமல் போன ஒருவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நூறு கேசட் போட்டார்கள். தொண்ணூற்றாறு மிச்சம்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து எவனோ அதில் நாற்பது விநாடியை வெட்டி இணையத்தில் போட்டான். ஊரே அழுதது. நிச்சயதார்த்தத்தில் போட்டார்கள், விவாகரத்திலும் போட்டார்கள். 'மூச்சுப் போனால் மூச்சுத் தருவேன்' என்ற அடியை ஒரு ஆம்புலன்ஸ்காரர் வண்டியின் பின்னால் எழுதி வைத்தார். யாருக்காக எழுதிய பாட்டு என்று எல்லோரும் கேட்டார்கள். பத்மஜா வாயைத் திறக்கவில்லை.

ஆகவே ஆனந்தகிருஷ்ணன் திறந்தார். அதில் ஒரே ஒரு இடைஞ்சல். பாட்டு தொண்ணூற்றேழு, அவர் பத்மஜாவை முதன்முதலாகப் பார்த்தது பெண் பார்க்கப் போன தொண்ணூற்றொன்பதில்.

'ரெண்டு வருஷம். பெரிய விஷயமா?' என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வெங்கிடேஷ் கேமராவோடு வந்துவிட்டான். அவர்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்துப் பையன்தான். யூடியூப் சேனல் நடத்துகிறான். அடுத்த மாதம் பழைய பேண்டை மேடையேற்றிப் பாட்டை முழுசாகப் பாட வைக்கப் போகிறவனும் அவன்தான். பத்மஜா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள்.

"மாமா, 'மெலிந்த உடல், சிவந்த மேனி'ன்னு பாட்டுல வரதே," என்று ஆரம்பித்தான்.

ஆனந்தகிருஷ்ணனுக்கு எடை தொண்ணூற்றாறு கிலோ. நிறம் நல்ல வறுத்த காப்பிக்கொட்டை.

"அப்போ ஒல்லியாக்கும். கறுத்தது எலெக்ஷன் டியூட்டியில."

"'ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றாய்'?"

"ஃபுட்பால் ஆடி இன்னொரு கால்ல அடி."

"ஒரு தரம் அப்படி நின்னு காட்டறேளா?"

சுவரோரமாக ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றார். கேமரா அவரை நெற்றியிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவியது. சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது.

"'உன் மணிக்குரல் கேட்டால் தெரு விலகும்'?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, "விலகுங்கோ," என்றார். வெங்கிடேஷ் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கேட்டான்: "'ஒரு நொடி திரும்பினேன், நீ இல்லை'ன்னு மாமி அப்படி உருகறாளே. நீங்க எங்கே போனேள்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லையே.

"சர்க்கார் உத்தியோகத்துக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுத," என்றார்.

இரண்டே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் ஒற்றைக் காலில் நின்றதை ஒருத்தரும் மெச்சவில்லை. பரீட்சையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அரசாங்க உத்தியோகம் தேடிப் போன கல்நெஞ்சன் இவன்தானா என்று கீழே எழுதினார்கள். ஆபீஸில் பெண்கள் பைலை மேஜையில் வைக்காமல் போட்டுவிட்டுப் போனார்கள். தெருமுனையில் காய்கறி விற்கும் சரோஜம் அவர் கையை விலக்கிவிட்டாள்.

"பொண்ணைத் தனியா நிறுத்திட்டு ஓடின கை. என் வெண்டைக்காயைத் தொடாதீங்க. நான் எடுத்துத் தாரேன்."

அவள் எடுத்துக் கொடுத்தது முழுக்க முற்றல்.

வீட்டில் பத்மஜா வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது.

"ஏன்னா, எதுக்கு இதெல்லாம் சொன்னேள்?"

"யாரோ ஒருத்தன்னு ஊர் பேசறதுக்கு நானாவே இருந்துட்டுப் போறேனே. நான் இல்லைன்னா யாருன்னு நீயே சொல்லு."

"சொல்லப்படாது. நாலு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம். சொன்னா பாட்டு செத்துப் போயிடும்."

கண் சிவந்திருந்தது ஆனந்தகிருஷ்ணனின் மனதில் எங்கேயோ குத்தியது. ஆனால் முதலில் சரோஜத்தைச் சமாதானம் செய்தாக வேண்டும். வெங்கிடேஷைக் கூப்பிட்டு இரண்டாவது வீடியோ எடுக்கச் சொன்னார்.

"அன்னிக்கு நான் ஓடிப் போகலை. எனக்கு அப்போ ஆஸ்துமா. பரீட்சை ஹால்ல மூச்சு முட்டி, நேரா ஆஸ்பத்திரி. 'மூச்சுப் போனால் மூச்சுத் தருவேன்'னு அவ பாடறது வேற எதுக்குன்னு நினைச்சேள்?"

ஊர் உருகியது. சரோஜம் பிஞ்சு வெண்டைக்காயாகப் பொறுக்கிக் கொடுத்து, துளசியும் ஒரு கட்டு சேர்த்தாள். ஆனந்தகிருஷ்ணன் மீசையை நீவிக்கொண்டார். இது மறுநாள் பகல் பதினொரு மணி வரை நீடித்தது.

பதினொன்றுக்குக் கரமனையிலிருந்து அக்கா சூடாமணி போன் செய்தாள்.

"டேய், நம்மாத்துல யாருக்குடா ஆஸ்துமா? வியாதியை மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டோம்னு பத்மஜாவோட அண்ணா என்னைக் கேட்கறார். இருபத்தாறு வருஷம் கழிச்சு நான் என்ன பதில் சொல்றது?"

"சின்ன ஆஸ்துமாதான்கா."

"எனக்குத் தெரியாமயா?"

"உனக்கும் தெரியாத அளவுக்குச் சின்னது."

ஆபீஸ் சங்கத்திலிருந்து மூன்று இன்ஹேலர் வந்தது. தூசி ஆகாது என்று அவரை ஜன்னலோர இடத்திலிருந்து நடுவில் தூக்கிப் போட்டார்கள். இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் நான்கு மணிக்கு கேன்டீனில் பழம்பொரி கேட்டபோது, "எண்ணெய்ப் பலகாரம் நெஞ்சுக்கு ஆகாது சாரே, இதைச் சாப்பிடுங்க," என்று ஷெமி தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள்.

ஆறிப்போன இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி முதன்முறையாக முழு உருவத்தோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தது. நான் இல்லை. அப்படியானால் யார்?

மெலிந்த உடல். சிவந்த மேனி. ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறவன். அவருக்குத் தெரிந்து அப்படி ஒருத்தன்தான் உண்டு. பேண்டில் கிதார் வாசித்த தாணு. இப்போது சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான்.

சாயங்காலமே போனார். பூட்டும் தாழ்ப்பாளும் தோரணமாகத் தொங்கும் கடையில், கல்லாவில் முழங்கையை ஊன்றி, தாணு ஒற்றைக் காலில் சாய்ந்துதான் நின்றுகொண்டிருந்தான். ஆனந்தகிருஷ்ணன் குரலைக் கம்பீரமாக வைத்துக்கொண்டார்.

"தாணு, நேராக் கேட்கறேன். அந்தப் பாட்டுல வரது நீயா?"

"நானா? சாமி, பத்மஜாட்ட எனக்கு அவ்வளவு மதிப்பெல்லாம் கிடையாது."

"பின்னே யாரு?"

"சொல்லக்கூடாதுல்லா. கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கோம்."

"பேர் வேண்டாம். ஆள் எப்படி, எந்த ஊர், அதை மட்டும் சொல்லு. எனக்கு ஒரு நிம்மதி வேணும்டா."

தாணு மேலே தொங்கும் பூட்டுகளைப் பார்த்தான். சிறிது நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"பூர்வீகம் பஞ்சாப்," என்றான். "லூதியானா பக்கம்."

"பஞ்சாபா?"

"ஆமா. நல்ல உறுதி. பத்மஜாவுக்குன்னா உயிர். காலேஜுக்குப் போனாலும் வந்தாலும் கூடவேதான். ஒருநாள் பழவங்காடி கோயில் வாசல்ல நிறுத்திட்டு பத்மஜா தேங்கா உடைக்க உள்ள போச்சு. திரும்பி வந்தா காணல. நாங்க நாலு பேரும் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தேடினோம். ஒரு வாரம் பத்மஜா சோறு திங்கல. அழுதுட்டே எழுதினதுதான் பாட்டு."

"அப்புறம் கிடைக்கவே இல்லையா?"

"கிடைச்சிருந்தா பாட்டு ஏது சாமி?"

ஆனந்தகிருஷ்ணன் கிழக்குக் கோட்டை வரைக்கும் நடந்தே வந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. கோயில் வாசலில் தேங்காய் மூடியோடு நின்ற இருபது வயதுப் பெண்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தாள். அந்த வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். எவ்வளவு அழுதிருப்பாள். இத்தனை வருஷம் இதை மனதில் வைத்துக்கொண்டு தனக்கு அவியலும் எரிசேரியுமாகச் சமைத்துப் போட்டிருக்கிறாளே.

"பத்மா, உனக்குச் சப்பாத்தி பிடிக்குமோ?" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"என்ன திடீர்னு?"

"ஒண்ணுமில்லை. பிடிக்கும்னா தினமும் பண்ணு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கச்சேரி நாள் வந்தது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் ஆயிரத்து இருநூறு பேர். நடைபாதையில் பந்தோபஸ்துக்குப் போலீஸ். கனடாவிலிருந்து டிரம்ஸ்காரரும் பெங்களூரிலிருந்து கீபோர்டுக்காரரும் வந்திருந்தார்கள். மாலை ஆறரைக்கு விளக்கு மங்கியது. தாணுவின் கிதார் தனியாக அழ ஆரம்பித்தது.

ஆனந்தகிருஷ்ணன் இந்தப் பாட்டை ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. நான்காவது நிமிஷத்தில் டிரம்ஸ் வந்து விழுந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது நிமிஷத்தில் பத்மஜா கண்ணை மூடி, 'எங்கே நின்றாயோ' என்று எடுத்தாள். நாற்பத்தெட்டு வயதில், பட்டுப்புடவையில், மூக்குக் கண்ணாடியோடு, அரங்கத்தின் கூரையைத் தொட்டாள். அவருக்கும் அழுகை வந்தது. தன் பெண்டாட்டி இவ்வளவு பெரியவள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெங்கிடேஷ் மைக்கைப் பிடித்து, "இப்போ பாட்டின் நாயகன் மேடைக்கு வரார்," என்றான்.

ஆனந்தகிருஷ்ணன் ஏறினார். யாரோ, "ஒற்றைக் கால்ல நில்லுங்க," என்று கத்தினார்கள். அவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். அது நான் இல்லை," என்றார். "எனக்கு ஆஸ்துமா கிடையாது. ஃபுட்பால் கிடையாது. இவளைப் பார்த்ததே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

அரங்கம் முழுக்க முணுமுணுப்பு. பத்மஜா, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தார், ஆனாலும் நிறுத்தவில்லை.

"அவர் பஞ்சாப்காரர். எங்கே இருக்காரோ, எப்படி இருக்காரோ, தெரியாது." அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "ஆனா இவ இத்தனை அழுதிருக்கான்னா அவர் நல்லவராத்தான் இருக்கணும். இதை எங்கேயாவது கேட்டுண்டிருந்தார்னா ஸ்ரீவராகத்துக்கு வரட்டும். வாசல்லயே நிக்க வேண்டாம், தாராளமா உள்ளே வரலாம். இவ சந்தோஷம்தான் எனக்கு முக்கியம்."

ஆயிரத்து இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். பாட்டுக்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல். முன்வரிசையில் ஷெமி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தாணு கிதார்மேல் கவிழ்ந்து கிடந்தான், தோள் குலுங்கியது. பத்மஜா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். இவ்வளவு அன்பா என்று ஆனந்தகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். வாழ்க்கையில் இத்தனை உயரமாக அவர் நின்றதே இல்லை.

அப்போது நடைபாதையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரி ஒருத்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினாள். சட்டையில் ஷிஜா என்று பெயர் குத்தியிருந்தது. பத்மஜாவுக்கு ஒரு சல்யூட் வைத்தாள்.

"மேடம், போன வாரம் ஸ்டேஷன்ல பழைய சாதனங்களை ஒதுக்கினோம். தொண்ணூத்தேழுல மேடம் எழுதிக் கொடுத்த பிராது ஒண்ணு கிட்டிச்சு. இப்போ பாட்டைக் கேட்டப்பதான் மனசிலாச்சு, அதுலயும் இதே வரிகள்தான்."

"கிடைச்சுட்டாரா?" ஆனந்தகிருஷ்ணன் மைக்கோடு முன்னால் வந்தார். "நன்னா இருக்காரா?"

ஷிஜா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"சைக்கிளாக்கும் சாரே, எங்க ஸ்டேஷன்லயே கிடக்கு, பெல்லும் ஸ்டாண்டும் இப்பவும் உண்டு, காத்து மட்டும் அடிச்சாப் போதும்."