ஐம்பது கிலோ அரிசியும் ஒரே ஒரு சுற்றும்

"இண்டைக்குப் பென்குயின் நடக்கிற இடத்தில, ஐம்பது கிலோ அரிசி மூட்டையைச் சைக்கிள் பாரில வைச்சு, சரிஞ்ச சுவரில ஏறி ஒரு சுற்றுச் சுற்றினவன் நான்!"

அருமைராசா இதைச் சொல்லத் தொடங்கி முப்பத்தெட்டு வருடமாகிறது. ஞானஸ்நான விருந்து, செத்தவீடு, பல் வைத்தியரின் நாற்காலி என்று வாய் திறக்கக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியாயிற்று. மாதா கோவில் சனம் சிரித்துச் சிரித்துக் கேட்கும். மனைவி றோசா மட்டும் ஒவ்வொரு தடவையும், "பச்சைப் பொய்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கலக்குவாள்.

ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சைக்கிளோட்ட மண்டபத்தில் இன்று பென்குயின்கள் குடியிருப்பது உண்மை. அவை வருவதற்கு முன், எண்பத்தெட்டாம் ஆண்டுப் பனிக்காலத்தில், அருமைராசா அங்கே தும்புத்தடி பிடித்துக் கூட்டித் துடைத்ததும் உண்மை. அந்த அரிசிதான் ஒருவருக்கும் செமிக்கவில்லை.

"சைக்கிள் ஓடுற இடத்துக்கு ஏன் ஐசே அரிசி?" என்று ஒரு சனிக்கிழமை காலை மடக்கியவர் அல்பேட், றோசாவின் தமையன். துறைமுகத்தில் முப்பது வருடம் பாரத்தோடு மல்லுக்கட்டியவர். தங்கையின் கலியாணத்தைத் தானே பேசி முற்றாக்கியதாக இன்றும் பெருமைப்படுபவர்.

"வேலைக்குப் போற வழியில வாங்கினது, மச்சான்."

"ஞாயிற்றுக்கிழமை எண்டு சொன்னனீர். அந்த நேரம் ஞாயிறெண்டால் பெரிய கடையெல்லாம் பூட்டு."

"டெப்பனரில வாங்கினனான்."

"மூலைக்கடையில ஐம்பது கிலோ மூட்டையோ?"

"அறுபது!" என்றார் அருமைராசா. மடக்கப்பட்டால் பத்துக் கிலோ கூட்டுவது அவர் பழக்கம்.

"பொய்யெண்டு நான் அப்பவே சொன்னனான்தானே?" என்றாள் றோசா.

அல்பேட் தங்கையின் பக்கம் சாய்ந்தார். "அப்ப ஓடிக் காட்டும். ஒரு சுற்று. விழுந்தீரெண்டால் இந்தக் கதையை இனிமேல் வாயிலயும் எடுக்கக்கூடாது."

அருமைராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கதை போனால் அந்தப் பனிக்காலமும் போய்விடுமே! வந்து இறங்கின புதிதில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இரண்டு அறைக்குள் ஒன்பது பேர். மூன்று சோடி சப்பாத்து. முந்தி எழும்பினவனுக்குத்தான் கால் நனையாது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு ஞாயிறு, ஆளில்லாத அந்த மண்டபத்தில் வெயில் விழுந்து மரத்தளம் தேன்போல மினுங்கியது. சில்லு இரண்டும் மரத்தில் உருண்ட சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. அந்த ஒரு சுற்றைச் சாப்பிட்டுத்தான் மனிதர் முப்பத்தெட்டுப் பனிக்காலங்களைத் தாண்டியிருந்தார்.

"எடுங்கோ காரை!" என்றார்.

நகருக்கு வெளியே கூரை போட்ட ஓட்டத்தளம் ஒன்றில், சனிக்கிழமைகளில் புதியவர்களுக்குப் பனிக்காலப் பயிற்சி நடக்கும். மூவரும் போய் இறங்கினார்கள். அருமைராசாவின் தோளில் அரிசி மூட்டை.

பயிற்சி கொடுக்கும் பெண் மூட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மூட்டை வாசலோடு நின்றது. இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை, மிதிப்பதை மட்டும் நிறுத்தவே கூடாது என்று அவள் பிரெஞ்சில் மூன்று தரம் சொன்னாள்.

"மெர்சி, மெர்சி. நான் இதில பழம் தின்று கொட்டை போட்டவன்."

முதல் பாதிச் சுற்று சமதரையில். சிங்கம்! அடுத்த வளைவில் சரிவில் ஏறினார். காற்று காதைக் கிழித்தது; வயதில் நாற்பது கழன்று பின்னால் விழுந்தது. மேலேயிருந்து றோசாவுக்குக் கை காட்டினார். கை காட்டும்போது, ஊரில் பள்ளத்தில் இறங்குகிறவன் மாதிரிக் காலை நிறுத்தினார்.

பெடல் நிற்கவில்லை. அது அவரை உதறிவிட்டது. எண்ணெய் கூடின தோசைபோல அருமைராசா சரிவில் வழுக்கி வந்து, அல்பேட்டின் காலடியில் நின்றார். எலும்புக்கு ஒன்றுமில்லை, காற்சட்டைதான் வம்சமில்லாமல் போனது.

"விசயம் முடிஞ்சுது," என்றார் அல்பேட். "கதையும் முடிஞ்சுது."

"பொறுங்கோ! பாரமில்லாமல்தான் வழுக்கினது. அண்டைக்கு மூட்டை அமத்திப் பிடிச்சது. எழுபது கிலோ!"

"காலமை அறுபது!"

"எண்பது! நல்ல குண்டு மூட்டை மச்சான், பாரில அடங்காமல் ரெண்டு பக்கத்தாலயும் பிதுங்கிக்கொண்டு நிண்டது!"

றோசா விறுக்கென்று எழும்பினாள். கிழிந்த காற்சட்டையைப் பார்த்தாள். தமையனைப் பார்த்தாள்.

"ஓமண்ணை, அது நடந்ததுதான். கலியாணத்துக்கு முந்தி, பூசைக்குப் போறனெண்டு உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போன ஞாயிறு. ஆனால் எண்பது கிலோ எண்டது பச்சைப் பொய்! அப்ப நான் நாப்பத்திநாலு கிலோதான்!"