டைகூன் வாயை மூடிய நாள்

மலாக்கா முழுக்கச் சலித்தெடுத்தாலும் டைகூனைப் போல ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத மனிதர் கிடைக்கமாட்டார். காஜா பேராங்கில் நாங்கள் சில பிரம்மச்சாரிகள் சேர்ந்திருந்த வாடகை வீட்டில் அவர் நடந்துகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே சவரம் செய்வார். முகத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும்.

வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இருந்ததே இரண்டு கால்சட்டைதான். ஆனாலும் பெரும் பணக்காரரைக் குறிக்கும் 'டைகூன்' என்ற சொல்லை வாய்க்கு வாய் சொல்லி, அதையே பட்டப்பெயராக வாங்கிக்கொண்டார். இப்படி ஜப்பானிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்றால் மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அவனிடம் வாங்கியது கன்னத்தில் அறை மட்டும்தான். சொற்களெல்லாம் ஆங்கில அகராதியில் பொறுக்கியவை.

ஒருமுறை வேலையில் தப்பு செய்து வக்கீலிடம் திட்டு வாங்கியபோது, "ஹராகிரி பண்ணிக்கட்டுமா சார்?" என்று பணிவாகக் கேட்டார். வக்கீல் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பயந்துபோய் அரை நாள் லீவு கொடுத்தார்.

"சுத்தப் பந்தாண்ணே இது!" என்று சீறினேன்.

"பந்தாவா? வயித்தக் கிழிச்சுக்கிட்டுச் சாவுறதுன்னு நீ இழுத்து முடிக்கிறதுக்குள்ள, நான் ஒரே வார்த்தையில செத்துருவேன் லா!"

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருடத்தில் இவருக்குக் காதல் வந்து தொலைத்தது. பெண் மரகதம், அடுத்த தெரு வாத்தியாரின் தங்கை. வாத்தியாரின் தம்பியை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அவன் திரும்பி வரவேயில்லை.

"பொண்ணு தரேன், தம்பி. ஆனா என் காதுல ஒரு ஜப்பான் வார்த்த விழுந்துச்சுன்னா, தட்டு மாத்த மாட்டேன்" என்றார் வாத்தியார்.

நிச்சயதார்த்தத்தன்று வாத்தியார் வீட்டுக்குப் போனோம். டைகூன் பாயில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். மரகதத்தின் பட்டுச்சேலையைப் பார்த்து 'கிமோனோ' என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று அவர் வாயில் ஒரு லட்டைத் திணித்தேன்.

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் சந்நிதியில் வைத்துத் தட்டு மாற்றுவது வாத்தியார் வீட்டு வழக்கம். வாத்தியார் வாசலுக்குப் போய்க் கைதட்டினார். "ஏய் ரிக்‌ஷா! ரிக்‌ஷா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரிக்‌ஷாவும் ஜப்பான் சொல்தான், ஆங்கிலத்தில் புகுந்து நம்மிடம் வந்தது! எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே டைகூன். வாதத்தில் ஜெயிப்பதற்காகச் சோற்றை விட்டு எழுந்து வருகிற ஆள் அவர். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏறுங்க மச்சான், நல்ல நேரம் போயிரும்" என்று கேட்டது அவர் குரல்.

தட்டு மாற்றி வீடு திரும்பியதும் பிடித்துக்கொண்டேன். "பயந்துட்டீங்களாண்ணே?"

"பயமா? அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த மனுசன் அதுல ஏறவே மாட்டாரு. முட்டி வலியோட பள்ளிக்கூடத்துக்கு நடப்பாரு. தம்பியப் பறிகொடுத்தது பத்தாதா அவருக்கு?"

கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் யார் என்று பேச்சு வந்தபோது, மற்றவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றவன் நான்தான்.