கொக்குக் கம்பனியின் சம்பளமில்லாக் காவல்காரர்

கம்பனி வைத்திருப்பவர்கள் உண்டு, கம்பனியில் வேலை செய்பவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், எங்கோ இருக்கும் ஒரு கம்பனிக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று உண்ட சோறு செமிக்காமல் திரியும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. கம்பனிக்கு இவர்களைத் தெரியாது. இவர்களுக்கோ கம்பனியின் காய்ச்சல், தடிமன் எல்லாம் தெரியும். இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் அதிகம் அலையத் தேவையில்லை. காலை எட்டு மணிக்குக் கல்முனை பஸ் நிலையத்தடியில் அச்சிமுகம்மதுவின் தேத்தண்ணிக் கடைக்கு வாருங்கள். கதவோரக் கதிரையில், கைப்பேசியை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவர்தான் சீனிமுகம்மது, ஓய்வுபெற்ற கந்தோர்க் கிளாக்கர்.

அவர் காவல் காக்கும் கம்பனி இலேசுப்பட்டதல்ல. உலகமெங்கும் சப்பாத்தும் ஜேர்ஸியும் விற்கிற, பறக்கும் கொக்கைச் சின்னமாக வைத்திருக்கிற விளையாட்டு உடுப்புக் கம்பனி. அது வருசா வருசம் ஓர் அறிக்கை வெளியிடும். அதில் தன் வியாபாரத்துக்கு வரக்கூடிய ஆபத்துகள் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கும். சட்டத்தரணிகள் எழுதுவது, யாரும் வாசிப்பதில்லை. இவர் வாசிப்பார். ஐரோப்பாவில் பனி குறைந்தால் ஜக்கட் விற்காதே, அமெரிக்காவில் வரி கூடினால் சப்பாத்து விலை ஏறுமே, செங்கடலில் கப்பல் சுணங்கினால் பெருநாள் வியாபாரம் போய்விடுமே, பஞ்சு விலை ஏறுகிறதே, டொலர் இறங்குகிறதே, சீனத்து இளசுகளுக்குக் கொக்கு அலுத்துவிட்டால் என்ன கதி என்று, தார் றோட்டு இளகும் வெயிலில் உட்கார்ந்து ஐரோப்பாவின் பனிக்காக வியர்த்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி ஆறிவிடும். அதைச் சுடவைத்துத் தரும்படி கேட்பார்.

அவருக்கு மிகவும் நோகிற ஆபத்து, போலிச் சரக்கு. 'கம்பனிட ரெத்தத்தைக் குடிக்கிறானுகள்' என்று மேசையில் தட்டுவார். தட்டும்போது அவர் உடம்பில் இருப்பது சந்தையில் வாங்கிய கொக்குச் சேட். மூன்று தரம் தோய்த்ததில் கொக்குக்குச் சொண்டு உதிர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கைப்பேசி திருத்தும், அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மெல்ரொய் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"காக்கா, நீங்க போட்டிரிக்கிற சேட்டும் அந்த ஆபத்துலதானே சேரும்?"

"இது வேற தம்பி. நான் போட்டா அது கம்பனிக்கு விளம்பரம்."

நம் பக்கத்தில் விளையாட்டுக் கழகங்கள் மச்சில் வெல்கின்றனவோ இல்லையோ, ஜேர்ஸி அறிமுக விழா மட்டும் தவறாமல் வைக்கும். மேடை, பொன்னாடை, ஆளுக்கொரு ஜேர்ஸியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதிதிகள் வரிசையாக நிற்கும் படம். போன மாசம் ஒரு கழகம் சீனிமுகம்மதுவை விசேட அதிதியாக அழைத்தது. மைக் கிடைத்தால் விடுவாரா? கம்பனி ஒப்பந்தம் செய்திருக்கிற வெளிநாட்டு வீரர் ஒருவரின் முழங்கால் சுளுக்கினால் பங்கு விலை எவ்வளவு விழும் என்று இருபத்தைந்து நிமிசம் பேசினார். முன்வரிசையில் அந்தக் கழகத்தின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன் காலில் கட்டோடு குந்தியிருந்தான். அவனுடைய முழங்கால் அறிக்கையில் இல்லை, ஆகவே பேச்சிலும் இல்லை.

இதுவரைக்கும் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். இனிமேல் சொல்வதற்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

சீனிமுகம்மதுவின் தங்கச்சி மகள் றிபா. ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் உள்ள தையல் தொழிற்சாலையில் ஏழு வருசமாக, இதே கொக்குச் சேட்டுகளுக்குத் தோள் மூட்டுத் தைக்கிறவள். அவளுடைய மாப்பிள்ளைக்கு நிரந்தரத் தொழில் கிடையாது. இரண்டு பிள்ளைகளோடு வீடு ஓடுவது அவளுடைய சம்பளத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கடிதத்தோடு மாமாவிடம் வந்தாள். கடிதம் சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது.

"மாமா, இதுல என்ன எழுதியிரிக்கி எண்டு ஒருக்கா வாசிச்சிச் செல்லுங்க. நாளைக்குக் காலைல ஒப்பம் வெச்சிக் குடுக்கணுமாம். எங்கட லைன்ல எல்லாருக்கும் குடுத்திரிக்காங்க."

மாமா கண்ணாடியைப் போட்டார். இரண்டாவது வரியிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"நான் எதிர்பாத்ததுதான் புள்ள! ஓடர் குறைஞ்சிரிக்கி. வரி கூடினா கம்பனி செலவக் குறைக்கத்தான் பாக்கும். போன மாசமே அச்சிமுகம்மதுட கடையில செல்லிட்டன்."

"அது செரி மாமா. ஒப்பம் வெச்சா எனக்கு வேல இரிக்கா, இல்லையா?"

"அவசரப்படாத. முதல்ல கம்பனிட பக்கத்த விளங்கிக்க."

முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். செங்கடல் வந்தது, பஞ்சு வந்தது, பனி வந்தது. பிள்ளைகள் வீட்டில் தனியே என்று றிபா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மறுகா, வெக்கவா வேணாமா மாமா?"

"வெய்யி. நம்மளால கம்பனிக்கு ஒரு கரைச்சல் வரப்படா."

பேனையையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

தன் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுவதாகவும், இனி எதையும் கோரமாட்டேன் என்றும் அந்தக் கடிதத்தின் கடைசி வரி சொன்னது. அவருக்கு இங்கிலீசு தெரியாமலில்லை. அந்த வரியையும் வாசித்தார். ஆனால் கம்பனியின் கண்ணால் வாசித்தார், அதனால் நல்ல செய்தியாகத்தான் பட்டது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே லைனில் வேலை செய்த வீரமுனைச் சுஜித்தாவுக்குக் கடிதம் வாசித்துக் காட்ட ஆளே கிடைக்கவில்லை, ஆகவே அவள் ஒப்பம் வைக்கவில்லை. அவளுக்கு நட்டஈடு வாங்கிக் கொடுக்க அரசாங்கத் தொழிற்கந்தோரில் இப்போது பேச்சு நடக்கிறது. றிபா அங்கே போனபோது, "நீங்களாத்தானே விட்டுப் போயிருக்கிறீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து அவள் நேரே தேத்தண்ணிக் கடைக்குத்தான் வந்தாள். ஆண்கள் மட்டும் குந்தும் கடை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மாமா, எனக்கு என்ன ஆபத்து வரும் எண்டு அந்த அறிக்கையில எங்கயாவது எழுதியிரிக்கா?"

சீனிமுகம்மது கைப்பேசியை எடுத்தார். உண்மையாகவே தேடினார். தேடித் தேடி, முகம் முழுக்கச் சந்தோசத்தோடு நிமிர்ந்தார்.

"இரிக்கி புள்ள, இரிக்கி! இருபத்தேழாம் பக்கம். உன்னப் போல ஆக்கள் பிரச்சினைக்கு வந்தா கம்பனிக்கு வாற ஆபத்து."

றிபா பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவள் ஒப்பம் வைத்த இடத்தை வாசித்தபோது, 'ஓடர் இல்லாவிட்டால் கம்பனியும் பாவம் என்னதான் செய்யும்' என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. யாராவது ஒரு கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி உங்களிடம் கொண்டுவந்தால் மட்டும், தயவு செய்து, கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.