டம்ளர் சிஸ்டரின் ஒரு வாய்த் தண்ணீர்

தண்ணீருக்காக இந்தத் திருச்சியில் டம்ளர் சிஸ்டர் அளவுக்குச் சண்டை போட்டவர் யாரும் இருக்க முடியாது. பாதிக் காலம் குடிக்கக் கூடாது என்று சண்டை. மீதிக் காலம் குடித்தே ஆக வேண்டும் என்று சண்டை.

தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ். நான் ஆயா. அவர் எதிரில் நின்று பேசவே எனக்குக் கூச்சம். ஆபரேஷனுக்கு முந்தின நாளே கட்டில் கட்டிலாக வந்து டம்ளர்களைப் பறித்துக்கொண்டு போவார். அவர் மேஜை டிராயரைத் திறந்தால் பாத்திரக்கடைதான்.

ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர் அழாத குறை. "பெருமாளே! காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பொறந்துட்டு ஒரு வாய் தீர்த்தத்துக்குத் தவிக்கறேனே!"

"வயித்துல தண்ணி இருந்தா ஆபத்து மாமா. மயக்கத்துல மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்றார் சிஸ்டர். இரங்கவே இல்லை.

பிறகு ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். எங்களையெல்லாம் நிற்க வைத்தார்.

"இத்தனை வருஷமா நான் சொன்னது தப்பு. ஆபரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாம். ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. நம்ம மயக்க டாக்டரும் சரின்னுட்டார். அவர் வேணாங்கிற ஆளுக்கு மட்டும் கிடையாது."

டிராயரில் இருந்த டம்ளர்களை அவரே தேய்த்துக் கட்டிலுக்கு ஒன்றாக வைத்தார்.

ஆனால் தண்ணீர் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவர் லீவு போட்டால் டம்ளர்களும் லீவு போட்டுவிடும். புதிதாக ஒரு நர்ஸ் வந்தால் பழைய வழக்கமும் கூடவே வந்து நிற்கும்.

"நீங்கதானே சிஸ்டர் எங்களை அப்படிப் பழக்குனீங்க?" என்று ஒரு நர்ஸ் கேட்டேவிட்டாள்.

"ஆமா. நான் பழக்குனதை நான்தானே விரட்டணும்!"

ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. பார்வையாளர் நேரத்தில் வாழைப்பழச் சீப்போடு வந்து, முன்பின் தெரியாதவர்களிடம், "காலைல தண்ணி குடுத்தாங்களா?" என்று விசாரிப்பார். வாட்ச்மேன் ஒருநாள் மறித்து, "யாரைப் பாக்கணும்மா?" என்றார்.

"தண்ணியைப் பாக்கணும்" என்றார் சிஸ்டர்.

சமீபத்தில் அவருக்கே பித்தப்பையில் கல். அதே வார்டு. அவரைத் தெரிந்த நர்ஸ் யாரும் இப்போது அங்கே இல்லை. வேலையை விட்டிருந்த நான் துணைக்குப் போனேன்.

"நான் யாருன்னு மூச்சு விடாதீங்க ஆயாம்மா. நானா தண்ணி கேக்கவும் மாட்டேன். அவங்களா குடுக்கறாங்களான்னு பாக்கணும்."

ஆபரேஷன் நாள் விடிந்தது. ஒருத்தி பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி பச்சை அங்கியை மாட்டிவிட்டுப் போனாள். தண்ணீர் வரவில்லை. சிஸ்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. நானே கேட்டுவிடலாமா என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்போது ஒரு சின்னப் பெண் டம்ளரோடு வந்தாள். "பாட்டி, இதை இப்பவே குடிச்சிருங்க. அப்புறம் நேரமாயிடும்."

"வயித்துல தண்ணி இருந்தா ஆபத்தும்பாங்களே?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க பாட்டி? யாரு சொன்னா உங்களுக்கு?"

"இங்க முந்தி ஒரு மக்கு சிஸ்டர் இருந்தா. அவதான்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, டம்ளரை என்னிடம் நீட்டினார். எனக்கு ஆபரேஷனும் இல்லை, தாகமும் இல்லை. வாங்கிக் குடித்தேன்.