ராகு தின்ற கோமேதகம்

செம்மேட்டுச் சந்தையில் அன்று காய்கறி வாங்க ஆளில்லை. அத்தனை கூட்டமும் பரிகாரம் சொல்ல வந்த சாமியார் ராகுதாசரின் காரைச் சுற்றி நின்றது. மிளகுக்கொடி வாடுகிறதா? வேரில் அழுகலா? எல்லாம் ராகு பார்க்கிற வேலையாம். பாவம் ராகு, கிரகணத்தை விட்டுவிட்டு இந்த மலைமேல் வாழவந்தி நாட்டில் வேர் நோண்டிக்கொண்டிருக்கிறார்!

பரிகாரம் சுலபம். சிவப்புத் துணியில் முடிந்த கோமேதகக் கல்லைக் கொடியடியில் புதைக்க வேண்டும். முடிச்சை அவிழ்த்தால் கண் போய்விடும். மழைக்குப்பின் தோண்டினால் வெறும் துணிதான் கிடைக்கும். கல்லை ராகு எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். முடிச்சுக்கு ஒரு மூட்டை மிளகு. அதை எடுத்துக்கொள்வது மட்டும் ராகுதாசர்.

முனியாயிக்குப் பாதிக் கொடி போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரு மூட்டை மிளகுதான். இதை விற்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கி, மீதிக் கொடிக்காவது மருந்தடிக்க வந்தவள். ஆனால் இத்தனை சனம் சொல்வது பொய்யாகவா இருக்கும்? மூட்டையை இறக்கிவிட்டு முடிச்சை வாங்கிக்கொண்டாள்.

பக்கத்து டீக்கடையில் பள்ளிக்கூட டீச்சர் பூங்குழலி நின்றிருந்தார். சர்க்கரை நோய்க்காரர், கையில் சர்க்கரை போடாத டீ.

“ஏனுங்க டீச்சர், இது நெசக் கல்லுங்களா?” என்று முனியாயி முடிச்சை நீட்டினாள்.

ராகுதாசர் முந்திக்கொண்டு தன் கோமேதக மோதிரத்தைக் காட்டினார். “தேன் நிறம் பாரம்மா! வெள்ளைக்காரனே இதுக்கு ‘ஹெசோனைட்’னு பேரு வச்சுக் கொண்டாடறான்!”

“கிரேக்கத்துல அதுக்கு மட்டமானதுன்னு அர்த்தமுங்க சாமி,” என்றார் டீச்சர். “அதோட இனத்துக் கார்னெட் கல்லுங்களைவிடக் கனமும் கெட்டியும் கம்மி. ஆனா அந்த மட்டக் கல்லே கண்ணாடியக் கீறும். கொதிக்கிற தண்ணியிலயும் கரையாது. முனியாயிக்கா, முடிச்ச இங்க குடுங்க.”

“அய்யோ, அவுத்தாக் கண்ணு போயிருமுங்க!”

“அவுக்கலீங்க.”

துணியோடு சூடான டீயில் முக்கிக் கலக்கினார். வெளியே எடுத்தபோது முடிச்சு தொளதொளவென்று தொங்கியது. “எனக்கு ஆகாது. நீங்க குடிச்சுப் பாருங்க.”

முனியாயி ஒரு வாய் குடித்தாள். “அடப்பாவி! பனங்கற்கண்டு!”

மோதிரத்தையும் கூட்டமே கழற்றி டீயில் போட்டது. அது கரையவில்லை. ராகுவுக்குக் கற்கண்டு, தாசருக்கு அசல்!

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே, நாசமாப் போறவனே!” முனியாயி அழுதுகொண்டே மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

போன வாரமே முடிச்சு வாங்கிப் புதைத்திருந்த மாதன் தலையில் அடித்துக்கொண்டார். “அதானுங்க எங்க குழியில அத்தன எறும்பு! ராகுவோட படைன்னு சூடம் காட்டிக் கும்பிட்டனே!”

எறும்பு மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது, பிறகுதான் வேலையைத் தொடங்கியது. ஆறறிவு படைத்த சனமோ பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மகாசனங்களே, கும்பிடக் கை தூக்கும் முன் ஒரு தடவை மோந்தாவது பாருங்கள்!