ரூபியின் கல்யாணமும் காருக்கு நான் போட்ட வெல்டிங்கும்

வெல்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உடைந்த இரும்பு எங்கே கிடந்தாலும் கை சும்மா இருக்காது. எனக்கு அது நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் என் நாத்தனார் ரூபிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். மெஷின் ஸ்டாண்டு, தோல் அடுக்கும் ரேக், தள்ளுவண்டி என எது விட்டுப்போனாலும் முகமூடியை மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்துவிடுவேன். (வெல்டர் லீவு போட்டால் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.)

என் மாமனாரிடம் ஒரு பழைய ஹெரால்டு கார் இருந்தது. வெண்ணெய் நிறம், இரண்டே கதவு. கல்யாணம் முடித்து மாமியாரை அவர் அழைத்து வந்தது அதில்தான். மகளையும் அதிலேயே சர்ச்சுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ரூபி தொட்டிலில் கிடந்தபோதே முடிவு செய்துவிட்டாராம்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், மாதனூர் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய கார் 'மடக்' என்று ஒரு சத்தம் போட்டது. குனிந்து பார்த்தால், காரையே தாங்குகிற அடிச்சட்டம் துருப்பிடித்து, கதவுக்கு நேர் கீழே விரிசல் விட்டிருந்தது. ஒர்க் ஷாப்பில் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

"வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கலாம்ப்பா" என்றாள் ரூபி.

"வாடகை கார்ல போறதுக்கா இத்தினி வருஷமா இதைத் தொடச்சித் தொடச்சி வெச்சிருக்கேன்?"

எனக்குக் கை அரித்தது. "இதுக்குப் போயி பேஜாராவறீங்களே மாமா. நான் ஒட்டித் தர்றேன்."

என் கணவர் ஜோசப் நிமிர்ந்து பார்த்தார். "எஸ்தரு, அது ரேக் இல்ல, காரு."

"ரெண்டும் இரும்புதானே?"

இந்தப் பதிலில் எனக்கே ஒரு பெருமை. கம்பெனியிலிருந்து வெல்டிங் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி ஓரமாக வைத்தேன். (அந்த அளவுக்கு அறிவு இருந்தது.) காரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி, துருப்பிடித்த பாகத்தை அறுத்து, கனமான தகடு வைத்து ஒட்டினேன். தையல் போட்டதுபோல் வரிசையாக விழுந்த அந்த வெல்டிங்கை போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். பார்த்தவர்கள் இது என்ன படம் என்று கேட்டார்கள்.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். கார் ஜம்மென்று போனது. கதவு மட்டும் கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தது. கீலில் எண்ணெய் விட்டேன். மாமா என் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

கல்யாணத்தன்று காரை நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் மாமா, கோட்டு போட்டுக்கொண்டு. பின் சீட்டில் வெள்ளைப் பட்டும் முக்காடுமாக ரூபி, அவளுடைய தோழி, இரண்டு பூச்செண்டு. சர்ச் வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. உள்ளே ஆர்கன் ஆரம்பித்தது. ராணி மாதிரி கொண்டுபோய் நிறுத்தினேன்.

மாமா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். என் பக்கத்துக் கதவை நான் இடித்தேன். அதுவும் அசையவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் மாமா, வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே.

ஜோசப் ஓடிவந்து வெளியிலிருந்து இழுத்தார். மாப்பிள்ளையின் தம்பிகள் இழுத்தார்கள். கார்தான் ஆடியது. ஆர்கன் வாசித்தவர் அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

"அண்ணி, கல்யாணம் நடக்குமா?" என்றாள் ரூபி. குரல் உடைந்திருந்தது.

அதுவரை நானும் சமாளித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினேன். கதவை உற்றுப் பார்த்தேன். மேல் முனை கவ்விப் பிடித்திருந்தது. கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. விஷயம் விளங்கிவிட்டது. இரண்டு நுனியில் மட்டும் முட்டுக்கொடுத்து நடுவில் அறுத்திருக்கிறேன். கார் நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வை நான் என்றைக்கும் பிரியாதபடி பிரமாதமாக ஒட்டி வைத்துவிட்டேன்! ஒருத்தி உட்கார்ந்தால் தாங்கியது. நாலு பேர் ஏறியதும் இன்னும் கொஞ்சம் அழுந்திக் கதவைப் பூட்டிவிட்டது.

அப்படியென்றால் நடுவில் தூக்கினால் திறக்கும்.

கண்ணாடியை இறக்கினேன். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை முதலில் விட்டு வெளியே வந்தேன். (பாதி வந்ததும் சிக்கிக்கொண்டேன். பாஸ்டரம்மா இழுத்துவிட்டார்கள்.) டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தேன்.

"எஸ்தரு, வேணாம், அப்பா ஜன்னல் வழியா வந்துடுவாரு" என்றார் ஜோசப்.

"மாமா வருவாரு. கல்யாணப் பொண்ணை எப்பிடி இழுப்பீங்க? தள்ளி நில்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து காருக்கடியில் போனேன். மாமா பக்கத்துக் கதவுக்கு நேர் கீழே ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். நாலைந்து சுற்றில் மேலே 'டப்' என்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்துகொண்டது.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மாமா இறங்கி, சீட்டை மடக்கி, மகளுக்குக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர் கிளிக் செய்துவிட்டார். நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டு உள்ளே போனபோது முழங்கை வரை கிரீஸ். அப்படியே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். திறந்தேனா இல்லையா?

அடுத்த மாதமே அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்து, கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி கொடுத்து, நடுவிலும் முட்டு வைத்து மறுபடி ஒட்டினேன். இப்போது சுண்டுவிரலால் தொட்டாலே கதவு திறக்கும். ஆனால் அதை யார் பேசுகிறார்கள்?

அந்தப் போட்டோ பெரிதாகி, மாமா வீட்டு ஹாலில் தொங்குகிறது. கம்பீரமாக அப்பா, கையைப் பிடித்துக்கொண்டு மகள். கீழே காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொலுசு போட்ட இரண்டு கால்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கால் யாருடையது என்று கேட்காமல் இருப்பதில்லை.

"என் மருமகளுது" என்பார் மாமா, காபியை ஆற்றியபடி. "பொண்ணைக் கட்டிக்குடுத்தது நானு. வெளிய எடுத்துக்குடுத்தது அவ."