இருவருக்கான படகு

"இதை நானா தூக்கணும்?" என்று கேட்டாள் நோபுயே.

நங்கூரம் கடலடிச் சேற்றில் எங்கோ புதைந்து கிடந்தது. அவள் படகின் முன்முனையில் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்திருந்தாள். அவள் கணவர் குசுமோத்தோ பின்னால் சுக்கானருகே நின்றிருந்தார்.

"தூக்க வேணாம். இழு. காலை நல்லா ஊனிக்கிட்டு இழு."

"இழுத்துக்கிட்டுதாங்க இருக்கேன். நங்கூரம் வரல. படகுதான் அது பக்கமாப் போகுது."

அது உண்மைதான். அந்த வழியாகப் போன மீன்பிடிப் படகு ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதிலிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். குசுமோத்தோ முன்னால் போய்த் தானே இழுத்தார். நங்கூரம் வந்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டது. சொந்த ஊரான ஓனோமிச்சிக்குத் திரும்பும்வரை அவர் படுத்துக்கொண்டே உத்தரவு போட, நோபுயே சுக்கானைப் பிடித்தாள்.

கரை தெரியும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "மூணு மாசமும் தினம் சாயங்காலம் நங்கூரம் போட்டு, காலையில எடுக்கணுமா?"

"ஆமா."

"எனக்குக் கை பலம் இல்லையேன்னு பாத்தேன்."

குசுமோத்தோ அன்றே முடிவு செய்தார். நங்கூரத்தை இழுக்க மோட்டார் பூட்ட வேண்டும்.

அந்தப் படகை வாங்க அவர் ஒரு வருடம் அலைந்திருந்தார். கோபேயில் பார்த்த படகில் பாய் மிகப் பெரிது, இரண்டு பேர் சமாளிக்க முடியாது. ஹிரோஷிமாவில் பார்த்ததில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கடைசியில் கிடைத்தது இந்த முப்பத்தோரு அடிப் படகு. பழையதுதான், ஆனால் உடம்பு உறுதி. முன்னறையில் இரண்டு படுக்கை, நடுவில் வலமும் இடமும் ஒவ்வொன்று, பின்னால் இரண்டு. ஆறு பேருக்கு என்று பதிவாகியிருந்தது. அவர் அதற்கு ஃபுதாரி என்று பெயர் வைத்தார். இருவர் என்று பொருள்.

தண்ணீர்ப் பம்பு செய்யும் நிறுவனத்தில் அவருக்கு மேனேஜர் வேலை. நிறுவனம் அவரை செண்டாய்க்கு அனுப்பியது. பிறகு நீகாத்தா, ஃபுக்குவோக்கா, குஷிரோ. எல்லாரையும் போல அவரும் தனியாகத்தான் போனார். மகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், நோபுயேயின் மாமியார், எல்லாம் ஓனோமிச்சியிலேயே இருந்தன. மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடும் அந்தந்த ஊர் இனிப்புப் பெட்டியோடும் வீட்டுக்கு வருவார். இப்படியே இருபத்தேழு வருடம்.

போன வசந்தத்தில் ஓய்வு பெற்றார். சமையலறை அலமாரிகளைப் புதிதாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். நோபுயே காய்கறி வாங்கும்போது கூடை தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார். செவ்வாய்க்கிழமை அவளுடைய சேர்ந்திசைப் பயிற்சி முடியும்வரை மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தார். மற்ற பாடகிகள் ஜன்னல் வழியாக அவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார்கள். பிறகு நோபுயேயைப் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷம் உன்னைத் தனியா விட்டுட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். "அடுத்த வசந்தத்துல ரெண்டு பேரும் படகுல ஜப்பானையே சுத்தி வரலாம். மூணு மாசம். நீயும் நானும் மட்டும்."

நோபுயே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "பத்தடி அறைக்குள்ளயா?" என்றாள்.

"கேபின் பதினோரு அடி" என்றார் குசுமோத்தோ பெருமையாக.

படகுப் பட்டறைக்காரர் ஹமானே மோட்டாரைப் பூட்டிவிட்டுக் கை துடைத்தார்.

"மேனேஜர், இது கரண்டைக் குடிக்கும். பெரிய பேட்டரி ரெண்டு வேணும்."

"வையுங்க."

"கீழ கொள்ளாது. வலப்பக்கப் படுக்கை மேலதான் வைக்கணும்."

"அதுல யாரு படுக்கப் போறா? நாங்க ரெண்டே பேரு."

பேட்டரி ஏறியதும் ஃபுதாரி வலப்பக்கம் சாய்ந்தது. நோபுயே துறையில் நின்று, பல்வலிக்காரரைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

"கவுந்துடாதே?"

"கவுறாது. அடியில ஈயம் இருக்கு."

"சரிங்க. ஒருவேளை கவுந்துட்டா எதுல ஏறுறது?"

குசுமோத்தோவால் அன்றிரவு சாப்பிட முடியவில்லை. மறுநாள் காற்றடைத்து விரிக்கும் உயிர்காப்பு மிதவை வந்தது. பெட்டியோடு அது நல்ல கனம். இடப்பக்கப் படுக்கையில் வைத்ததும் படகு நிமிர்ந்தது.

"பாத்தீங்களா, ஒரு கல்லுல ரெண்டு மாங்கா!" என்றார் ஹமானேயிடம்.

"மாங்கா ரெண்டு சரி மேனேஜர். படுக்கையும் ரெண்டு போச்சே."

அடுத்த பிரச்சினை கத்தல். நடுக்கடலில் குசுமோத்தோ சாது. துறை நெருங்க நெருங்க, விற்பனைக் கூட்டத்தில் பேசும் குரல் அவருக்கு வந்துவிடும். "கயிறு! அந்தக் கயிறு இல்ல! உனக்கு எத்தனை தடவை சொல்றது!" துறையில் மீன் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் தூண்டிலை மறந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

கத்தாமல் பேசக் காதில் மாட்டும் பேச்சுக்கருவி இரண்டு வாங்கினார். இப்போது கத்தவில்லை. அதே வார்த்தைகளை மெதுவாக, நேராக அவள் காதுக்குள் சொன்னார்.

"முன்னாடி காத்து கொஞ்சத்தைக் கொண்டு போயிடும்" என்றாள் நோபுயே கருவியைக் கழற்றி. "இப்ப ஒண்ணுவிடாமக் கேக்குது. ஏங்க, நான் கயிறு பிடிக்காமலே படகைக் கட்ட வழி இல்லையா?"

இருந்தது. படகின் முகத்தில் குழாய் துளைத்து, அதற்குள் ஒரு விசிறி. பொத்தானை அழுத்தினால் முகம் தானாகப் பக்கவாட்டில் நகரும். விசிறிக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்குத் தனிப் பேட்டரி. முன்னறையின் இரண்டு படுக்கையும் அதற்குப் போயின. முகம் தண்ணீரில் அமிழ்ந்தது. அதைச் சரிசெய்ய நங்கூரச் சங்கிலியில் பாதியை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். சமையல் அடுப்புக்கு முன்னால் நின்றால் சங்கிலி மேல்தான் நிற்க வேண்டும்.

"உயரமாவும் இருக்கு, நல்லாவும் இருக்கு" என்றாள் நோபுயே.

அவள் குறையே சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டாள். ராத்திரிக் காவலில் கண் அசந்துவிட்டால்? கப்பல் வந்தால் அலறும் ரேடார் வந்தது. சுக்கான் பிடித்துக் கை வலித்தால்? தானே ஓட்டும் கருவி வந்தது. நீங்கள் தண்ணீரில் விழுந்துவிட்டால்? மணிக்கட்டில் கட்டும் பட்டை வந்தது, ஆள் விழுந்தால் இயந்திரம் தானாக நிற்கும்.

அதைச் சோதிக்க வேண்டும் என்று குசுமோத்தோ திட்டமிடவில்லை. மிதவைப் பெட்டியைத் துடைத்த ஈரத்துணியில் கால் வழுக்கியது. விழுந்தார். இயந்திரம் நின்றது. கருவி ஒரு சேவல் போலக் கூவியது.

"வேலை செய்யுது!" என்று தண்ணீரிலிருந்து கத்தினார். "நோபுயே! பாத்தியா, வேலை செய்யுது!"

நோபுயே விளிம்பில் நின்று சற்று நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணியை இறக்கினாள்.

மழைக்காலம் போய், இலையுதிர்ந்து, குளிர் வந்தது. பட்டறையில் மண்ணெண்ணெய் அடுப்பருகே உட்கார்ந்து ஹமானே மிக்கான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவும் பூட்டினப்புறம் வீட்டம்மாவுக்குப் படகுல என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதுக்குத்தானே பூட்டினேன்."

"பின்ன எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

குசுமோத்தோ கையை அடுப்பில் காட்டினார்.

"குஷிரோல கடையில சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குவேன்" என்றார். "சாப்பிடுற குச்சி ஒரு ஜோடி போதும்னு சொல்லணும். சொல்லலைன்னா, அந்தப் பொண்ணு ரெண்டு பேருக்குன்னு நினைச்சு ரெண்டு ஜோடி போட்டுடும். ரெண்டாவது ஜோடியைத் தூக்கிப் போட மனசு வராது. ஊர் மாறும்போது பாத்தா ஒரு டிராயர் நிறையக் குச்சி." ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "இனி தனியாச் சாப்பிட என்னால ஆகாது ஹமானே. எதிர்ல ஒரு ஆள் உக்காந்தாப் போதும்."

ஹமானே இன்னொரு பழத்தை உரித்தார்.

அன்று மாலை வீட்டில் நோபுயே முள்ளங்கி சீவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற மெஷின் ஒண்ணு இருக்காமே?"

குசுமோத்தோ நிமிர்ந்து உட்கார்ந்தார். படகுச் சாமான் பெயரை அவள் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே பட்டறைக்கு ஓடினார்.

அந்த இயந்திரம் பின்பக்கப் படுக்கைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

"ஒரே ஒரு படுக்கைதான் மிச்சம்" என்றார் ஹமானே.

"அது போதும். ஒருத்தர் காவல், ஒருத்தர் தூக்கம். மாத்தி மாத்தி. எப்பவும் சூடா இருக்கும்."

செர்ரி மொட்டுவிட்ட வாரத்தில் பரிசோதகர் வந்தார். படகுக்குள் இவ்வளவு மாற்றினால், மறுபடி பார்த்து எத்தனை பேர் போகலாம் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஷிபாயாமா என்ற இளைஞர், காலணியைக் கழற்றித் துறையில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். அளவுநாடா ஓடும் சத்தமும், சங்கிலியில் முழங்கால் இடிக்கும் சத்தமும் கேட்டன.

நோபுயே புது மிதவைச் சட்டையும் புதுக் கையுறையும் போட்டுக்கொண்டு துறையில் நின்றிருந்தாள். கையில் மூங்கில் இலையில் கட்டிய சோற்றுருண்டைகள். குசுமோத்தோவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஷிபாயாமா வெளியே வந்தார்.

"எல்லாம் ரொம்ப நல்லாப் பூட்டியிருக்கீங்க சார். இவ்வளவு பத்திரமான படகை நான் பாத்ததில்ல."

"நன்றி, நன்றி."

"நாள்கணக்குல போறதுன்னா படுக்கைக் கணக்குதான். ஒருத்தர்."

"ஒருத்தர் தூங்குவாங்க. ஒருத்தர் காவல் இருப்பாங்க."

"புரியுது சார். ஆனா படுக்கை ஒண்ணு. ஆளும் ஒண்ணு."

குசுமோத்தோ உள்ளே பார்த்தார். மிதவையை எடுத்தால் படகு சாயும். சாயாமல் இருக்கப் பேட்டரியை எடுத்தால் நங்கூரம் ஏறாது. விசிறியை எடுத்தால் முகத்தில் ஓட்டை. ஒவ்வொன்றாக மனதில் கழற்றிப் பார்த்தார். கழற்றியது ஒவ்வொன்றும் அவளுக்காகப் பூட்டியதாகவே இருந்தது.

"நோபுயே" என்றார்.

"அடடா" என்றாள் நோபுயே. கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். "பரவாயில்லங்க. என்னால உங்க ஆசை கெட வேணாம். நீங்க போயிட்டு வாங்க. மாசம் ஒரு தடவை ரயிலேறி வீட்டுக்கு வந்தாப் போதும், துணியெல்லாம் துவைச்சுத் தரேன்."

சோற்றுருண்டைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை என்பதால் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, குனிந்து வணங்கி, துறை வழியே நடந்தாள். அவள் நடை அவ்வளவு வேகமாக இருந்து அவர் பார்த்ததில்லை. அழுகையை மறைக்கத்தான் அப்படிப் போகிறாள் என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

"பாவம் சார், அவ" என்றார் ஷிபாயாமாவிடம். "ஒரு வருஷமா என்னோட வர்றதுக்குத் தயாராகிக்கிட்டு இருந்தா. இப்படி ஆகும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஷிபாயாமா குனிந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியாதா? குளிர்காலத்துல அவங்கதானே சார் எனக்குப் போன் பண்ணினாங்க! 'எங்க வீட்டுக்காரருக்குத் தனியா இருந்துதான் பழக்கம், இன்னும் ரெண்டு படுக்கை மிச்சம் இருக்கு, ஒருத்தருக்குன்னு ஆகணும்னா வேற என்ன பூட்டலாம்'னு கேட்டாங்க. தண்ணி மெஷின்னு நான்தானே சொன்னேன்."